எந்த ரயர் உங்கள் வீதிக்கு?



இம்முறை சைக்கிள் ரயர் பற்றி எழுதுகிறேன். "இதெல்லாம் ஆம்பிளையளின்ர விசயம், கடைக்காரர் பார்த்துக்கொள்ளுவார்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கடைக்காரர் உங்கள் ஒழுங்கையில் சைக்கிள் ஓடுவதில்லை. ஓடுவது நீங்கள். கரியரில் பால் கானோ தைத்த துணி மூட்டையோ இருக்க, முன்னால் பிள்ளையும் இருக்க, வீட்டிலிருந்து கிறவலில் இரண்டு கிலோமீற்றரும் பிறகு தார் வீதியில் ஐந்து கிலோமீற்றரும் போய்வருகிற பெண், தன் சில்லுக்கு எந்த ரயர் பொருந்தும் என்பதைத் தானே தெரிந்துவைத்திருப்பது நல்லது. காசு கொடுப்பவளும் அவள்தான், விழுந்தால் முழங்கால் உடைபடுவதும் அவளுக்குத்தான்.

நான் இருப்பது அலவத்துகொடையில். கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை, அக்குறணை தாண்டி மாத்தளைக்குப் போகும் வழியில் உள்ள ஊர். இந்த ஊரை ஊடறுத்துப் போகும் வீதிதான் ஏ-9. யாழ்ப்பாணத்தில் நீங்கள் 'கண்டி வீதி' என்று சொல்வதும் இதே வீதியைத்தான். ஒரே வீதியின் அந்த முனையில் நீங்கள், இந்த முனையில் நான். ஆனால் சைக்கிள் என்று வரும்போது இரண்டு முனையும் இரண்டு உலகம். இங்கே ஒரு வளைவு திரும்பினால் ஏற்றம், அடுத்த வளைவில் இறக்கம். பெண்கள் சைக்கிள் ஓடுவதைக் காண்பது அரிது. வவுனியா தாண்டி நிலம் தட்டையானதும் பள்ளிக்கூடப் பிள்ளை முதல் பேரப்பிள்ளை கண்ட அம்மா வரை சைக்கிளில் போவதைப் பார்க்கலாம். இன்னொரு வித்தியாசம், நாங்கள் 'டயர்' என்போம், நீங்கள் 'ரயர்' என்பீர்கள். ஓடுகிறவர்கள் நீங்கள் என்பதால் உங்கள் சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.

2006 ஓகஸ்டில் மூடப்பட்ட ஏ-9 வீதி, 2009இல் போர் முடிந்த பின்னரே பொதுமக்களுக்கு மீண்டும் முழுமையாகத் திறக்கப்பட்டது. அதன்பின் வன்னிப் பகுதியில் அதை அகலமாக்கிக் காப்பெற் போட்டார்கள். பிரதான வீதி வழுவழுவென்று ஆகிவிட்டது. ஆனால் அதிலிருந்து குடியிருப்புகளுக்குத் திரும்பும் ஒழுங்கைகள் பல இன்னும் கிறவல்தான். சில இடங்களில் கொங்கிறீற் போட்டிருக்கிறார்கள், அது பாதி வழியில் முடிந்து மறுபடியும் கிறவல் தொடங்கும். ஆகவே உங்கள் சைக்கிள் தினமும் இரண்டு வகை நிலத்தில் ஓடுகிறது. தாருக்கு மட்டும் பொருந்தும் ரயர் கிறவலில் உதைக்கும், சறுக்கும். காட்டுப் பாதைக்குச் செய்த ரயர் தாரில் உங்கள் காலைக் களைக்கவைக்கும், விரைவில் தேய்ந்தும்போகும். இரண்டுக்கும் நடுவில் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும்.

முதலில் எண்ணைப் பார்ப்போம். எண் தவறினால் மற்றது எல்லாம் வீண்.

ஒரு மகளிர் குழுவில் எனக்குத் தெரிந்த சகோதரி ஒருவர், குழுவின் சுழற்சிக் கடனில் சிறு தொகை எடுத்துப் பின்சில்லுக்குப் புது ரயர் வாங்கினார். அவருடையது பெண்கள் ஓடும் சாதாரண 26 அங்குலச் சைக்கிள். கடையில் "26 ரயர் ஒன்று தாங்கோ" என்று கேட்டிருக்கிறார். கொடுத்ததும் 26 தான். வீட்டுக்குக் கொண்டுவந்து தம்பி முறையான ஒரு பையன் ஸ்குறூட்றைவரால் நெம்பி நெம்பிப் பார்த்தும் ரயர் றிம்மில் ஏறவில்லை. விளிம்பில் காயம் பட்டுவிட்டதால் கடைக்காரர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். அடுத்த ஒரு கிழமை அவர் தையல் நிலையத்துக்கு நடந்துதான் போனார். பிந்திப் போன நாட்களுக்குச் சம்பளத்தில் வெட்டு விழுந்தது. கடனுக்குத் தவணையும் கட்ட வேண்டியிருந்தது. பிழை அவருடையது அல்ல, 26 என்ற எண் ஒன்றாக இருந்தாலும் 26 அங்குல றிம்கள் ஒன்றல்ல என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

நம்மூர்களில் கூடுதலாகக் காணும் சில்லுகள் மூன்று வகை. பழைய பாணி ஆண்கள் சைக்கிள், கம்பிப் பிறேக் போட்ட உயரமான சைக்கிள், அதற்கு 28 × 1½ ரயர். பெண்கள் சைக்கிள் பலவற்றுக்கு 26 × 1⅜. பிள்ளைகள் விரும்பும் 'மவுண்டன்' சைக்கிளுக்கு 26 × 1.75 அல்லது 26 × 1.95, 26 × 2.125 என்று புள்ளி வைத்த எண். கவனியுங்கள், ஒன்றில் பின்னம், மற்றதில் தசமப் புள்ளி. பின்னம் போட்ட 26உம் புள்ளி போட்ட 26உம் ஒன்றுக்கொன்று பொருந்தவே பொருந்தாது. ஏனென்றால் 26 என்பது ரயரின் வெளி அளவைக் குத்துமதிப்பாகச் சொல்லும் பழைய கணக்கு. றிம்மில் உட்காரும் இடத்தின் அளவு வேறு.

அந்தச் சரியான அளவைச் சொல்லும் இன்னொரு எண் பெரும்பாலான ரயர்களின் பக்கச்சுவரில் சிறிதாக அச்சிடப்பட்டிருக்கும். 40-635, 37-590, 47-559 என்பது போல இருக்கும். முதல் எண் ரயரின் அகலம், இரண்டாவது றிம்மில் உட்காரும் வட்டத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீற்றரில். 28 × 1½ ரயருக்கு இரண்டாவது எண் 635. பெண்கள் சைக்கிளின் 26 × 1⅜க்கு 590. மவுண்டன் சைக்கிளின் 26க்கு 559. 590க்கும் 559க்கும் இடையில் 31 மில்லிமீற்றர் வித்தியாசம். இதை எந்த நெம்பாலும் சரிக்கட்ட முடியாது. கடைக்குப் போகும் முன் பழைய ரயரைத் துணியால் துடைத்து, அந்த எண்ணைக் கொப்பி ஒற்றையில் எழுதிக்கொண்டு போங்கள். எண் அழிந்துபோயிருந்தால் பழைய ரயரையே கையோடு கொண்டு போங்கள். இரண்டாவது எண் கட்டாயம் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் எண்ணில் மட்டும் கொஞ்சம் கூட்டிக் குறைக்க இடமுண்டு. ரியூபும் அதே அளவுக்கு உரியதாக இருக்கட்டும். பெரிய ரயருக்குள் சின்ன ரியூபை இழுத்துப் போட்டால் அது மெல்லியதாக விரிந்து சீக்கிரம் ஓட்டையாகும். சின்ன ரயருக்குள் பெரிய ரியூப் மடிந்து, அந்த மடிப்பில் தேயும்.

இனி அகலம். கிறவலில் போகும்போது சில்லு ஒரு கல்லின்மேல் ஏறினால் இரண்டில் ஒன்று நடக்கும். கல் ரயருக்குள் அமிழ்ந்து போகும், அல்லது நீங்களும் சைக்கிளும் சுமையும் சேர்ந்து கல்லின்மேல் எழும்பி விழுவீர்கள். அகலமான ரயரில் கூடுதல் காற்று அடங்கும், அதைச் சற்று மெதுவாகவும் வைத்திருக்கலாம், ஆகவே கல் அமிழும். ஒடுங்கிய ரயரை இறுக்கமாகக் காற்றடித்துத்தான் ஓட முடியும், ஆகவே உதைக்கும். அகலம் கூடினால் பாரம் கூடி ஓடக் கஷ்டம் என்று பலரும் நினைக்கிறார்கள். வெளிநாடுகளில் சைக்கிள் பந்தயம் ஓடுகிறவர்களும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்து 23 மில்லிமீற்றர் அகலமுள்ள மெல்லிய ரயர்களில் ஓடினார்கள். பிறகு அளந்து பார்த்தபோது ஒரே அளவு காற்றழுத்தத்தில் அகலமான ரயர் மெதுவானதல்ல, கரடான வீதியில் அதுவே விரைவானது என்று கண்டு, இப்போது 28 மில்லிமீற்றருக்கும் அதற்கு மேலும் போய்விட்டார்கள். பந்தயக்காரர் இவ்வளவு காலம் எடுத்துக் கண்டதை, 40 மில்லிமீற்றர் ரயரில் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு வயல் வரம்பால் போன நம் அப்பாமார் எப்போதோ அறிந்திருந்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

பந்தயம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பிரான்சில் கல் பதித்த பழைய வீதிகளில் ஓடும் பாரிஸ்-றூபே என்ற பந்தயம் 1896இல் தொடங்கியது. பெண்களுக்கான பந்தயம் அங்கே முதன்முதலாக நடந்தது 2021 ஒக்ரோபரில். நூற்றிருபத்தைந்து வருடங்கள் பெண்களுக்கு அந்தக் கல் வீதி கடினம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்! அதில் முதலாவதாக வந்த இங்கிலாந்துப் பெண் லிசி டீக்னனின் உள்ளங்கைகளில் இரத்தம் கசிந்திருந்தது. கையுறை போடாமல் ஓடியதால் அந்தக் கற்களின் அதிர்வு தோலை உரித்துவிட்டது. இதை நான் சொல்வது வீரத்தைப் புகழ்வதற்கு மட்டுமல்ல. கரடான நிலத்தின் அதிர்வு உடம்பில் எங்கே போய்ச் சேர்கிறது என்று காட்டுவதற்கு.

இது உங்களில் சிலருக்கு மிக முக்கியம். முதுகில் அல்லது இடுப்பில் செல் துண்டு இன்னும் இருக்கின்ற சகோதரிகள் இருக்கிறார்கள். மழைக்காலத்தில் பழைய காயம் இழுத்துப் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். செயற்கைக் கால் அணிந்து சைக்கிள் ஓடுகிறவர்களையும் நான் அறிவேன். அவர்களுக்குத் திடீரென்று காலை ஊன்றிச் சமாளிப்பது மற்றவர்களைப் போல இலகுவல்ல. இவர்களுக்கு நான் சொல்வது, உங்கள் றிம்முக்கும் மட்காட்டுக்கும் இடங்கொடுக்கும் அளவில் மிக அகலமான ரயரைத் தேடுங்கள், காற்றை ஒரு பிடி குறைவாக வைத்திருங்கள். முப்பது நாற்பது நிமிடப் பயணத்துக்குப் பிறகு முதுகு சொல்லும் வித்தியாசத்தை. சுருள் கம்பி போட்ட சீற்றும் உதவும். ஆனால் அது இடுப்பைத்தான் காக்கும், கைகளைக் காப்பது முன் ரயர் மட்டுமே.

எவ்வளவு அகலம்? கிறவல் இறுகியதாகவும் கற்கள் சிறியதாகவும் இருந்தால் 35 மில்லிமீற்றரில் இருந்து 50 வரை எதுவும் போதும். 28 × 1½ சைக்கிள் வைத்திருப்பவருக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. அது ஏறக்குறைய 40 மில்லிமீற்றர் அகலம், சில்லும் பெரியது, பெரிய சில்லு குழியில் விழாமல் கடந்து போகும். 26 × 1⅜ காரருக்கு அது சற்று ஒடுங்கியது, ஆனால் காற்றைச் சரியாகப் பார்த்துக்கொண்டால் சமாளிக்கும். மவுண்டன் சைக்கிள் வைத்திருப்பவருக்குத்தான் தெரிவு அதிகம். அவர் பெரும்பாலும் 1.75ஐ எடுப்பதே புத்தி. 2.125 மணல் கூடிய இடத்துக்கு உதவும். முல்லைத்தீவுக் கரைப் பக்கத்து மணல் ஒழுங்கைகளில் இருப்பவர்கள் அதை யோசிக்கலாம். ஆழ மணலில் எந்த ரயரும் புதையும், இறங்கித் தள்ளுவதில் வெட்கம் இல்லை.

அடுத்தது, கடைகளில் அதிகம் ஏமாற்றும் விடயம். ரயரின் மேலே கட்டை கட்டையாகத் துருத்திக்கொண்டிருக்கும் வகையைக் காட்டி "இது நல்ல பலம், கிறவலுக்கு இதுதான்" என்பார்கள். பார்வைக்கு அப்படித்தான் தெரியும். உழவு இயந்திரத்தின் ரயர் நினைவுக்கு வரும். ஆனால் அந்தக் கட்டைகள் சேற்றுக்கும் இளகிய மண்ணுக்கும் உரியவை, மண்ணுக்குள் பதிந்து பிடிப்பதற்காகச் செய்தவை. இறுகிய கிறவலில் பதிய மண் இல்லை. தாரில் அவை ஒவ்வொன்றாக நெளிந்து, 'விர்' என்று இரைந்து, உங்கள் மிதிப்பில் ஒரு பங்கைத் தின்றுவிடும். நடுவில் இருக்கும் கட்டைகள் முதலில் தேயும், பிறகு அந்த ரயர் எதற்கும் உதவாது.

கார்களுக்கு ரயரில் வெட்டுகள் தேவை. வேகமாகப் போகும் அகலமான ரயர் மழைநீரின்மேல் மிதந்து சறுக்காமல் இருப்பதற்காக. சைக்கிள் ரயர் ஒடுங்கியது, நாம் போகும் வேகமும் குறைவு, ஆகவே அது தண்ணீரை வெட்டிக்கொண்டு தாரைத் தொட்டுவிடும். மழையில் தாரில் பிடிப்பைத் தருவது ரப்பரின் தன்மையும் அது நிலத்தைத் தொடும் பரப்பும்தான். நீங்கள் கேட்க வேண்டியது, நடுவில் நெருக்கமான, தட்டையான வரிகளும் இரு ஓரங்களிலும் சிறிய கட்டைகளும் உள்ள ரயர். தாரில் நேராகப் போகும்போது நடுப்பகுதி மட்டும் உருளும். கிறவலில் சில்லு சற்று அமிழும்போதும் திரும்பும்போதும் ஓரக் கட்டைகள் பிடிக்கும். 28 × 1½ ரயர்களில் நீளவாக்கில் வரிவரியாக அல்லது சிறு சதுரங்களாக இருக்கும் பழைய பாணியே இந்த வேலைக்குப் போதும், அதை 'பழைய மொடல்' என்று ஒதுக்க வேண்டாம்.

வாங்கும்போது ரயரை வெளிச்சத்தில் பிடித்து, பக்கச்சுவரை விரலால் வளைத்துப் பாருங்கள். மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிந்தால் அது கடை வாசலில் வெயிலில் நெடுநாள் தொங்கிய ரயர், வேண்டாம் என்று சொல்லுங்கள். விளிம்புக்குள் ஓடும் கம்பி எங்காவது முறிந்து மடிந்திருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். மடித்துக் கட்டி அனுப்பும்போது அப்படி ஆவதுண்டு, அந்த ரயர் றிம்மில் ஒருநாளும் வட்டமாக உட்காராது. பக்கத்தில் அம்புக்குறி இருந்தால் சில்லு முன்னோக்கிச் சுற்றும் பக்கமாக அது இருக்கும்படி போடச் சொல்லுங்கள்.

காசு ஒரு ரயருக்குத்தான் இருக்கிறது என்றால் எந்தச் சில்லுக்குப் போடுவது? பலரும் பின்சில்லுக்கு என்பார்கள், பின் ரயர் தான் முதலில் தேய்கிறது. அது உண்மை. உங்கள் பாரத்திலும் சுமையிலும் பெரும்பங்கைத் தாங்குவதும், மிதிப்பின் இழுவையைத் தாங்குவதும் அதுதான். ஆனாலும் புது ரயரை முன்னுக்குப் போட்டு, முன்னால் இருந்த பாதி தேய்ந்த ரயரைப் பின்னுக்கு மாற்றுவதே பாதுகாப்பு. பின் ரயர் வெடித்தால் சைக்கிள் அலையும், நீங்கள் சமாளித்து நிற்கலாம். முன் ரயர் வெடித்தாலோ சறுக்கினாலோ ஹாண்டில் கையை விட்டுப் போய்விடும். முன்னால் பிள்ளையை இருத்திக்கொண்டு போகிறவர் இதை இன்னொரு தடவை வாசியுங்கள். இரு சில்லும் ஒரே அளவாக இருந்தால்தான் இந்த மாற்று நடக்கும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். பின்னுக்கு மாற்றும் ரயரில் நூல் தெரிந்தால் அதைப் போட வேண்டாம்.

காற்று. ரயரின் பக்கத்தில் 'பி.எஸ்.ஐ.' என்று ஒரு எண் அச்சிட்டிருக்கும், அதற்கு மேலே போகக்கூடாது. அந்த உச்ச அளவுக்கு அடிக்க வேண்டும் என்று எண்ண வேண்டாம், அது எல்லை மாத்திரமே. அளக்கும் கருவி நம்மிடம் இல்லை, கட்டைவிரல்தான் கருவி. பின் ரயரை நடுவில் பலமாக அழுத்தினால் சற்றே அமிழ வேண்டும். முன் ரயர் அதைவிட ஒரு மடங்கு கூட அமிழலாம். சுமை ஏற்றிய பின் சைக்கிளில் இருந்து, யாரையாவது பின்சில்லின் அடியைப் பார்க்கச் சொல்லுங்கள். ரயர் இலேசாகப் பிதுங்கி நிற்க வேண்டும், றிம் நிலத்தை நெருங்கக்கூடாது. காற்று மிகக் குறைந்தால் கல்லில் மோதும்போது ரியூப் றிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசியும். அப்படி நசிந்த ரியூபில் இரண்டு பல் பட்டது போல அருகருகே இரண்டு துளைகள் இருக்கும். அதைக் கண்டால் முள்ளைத் தேட வேண்டாம், பம்மைத் தேடுங்கள். பெற்றோல் நிலையத்தில் காற்றடிக்கிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கச் சொல்லுங்கள். அந்த இயந்திரம் லொறிக்கு உரியது, சைக்கிள் ரயர் ஒரு கணத்தில் நிரம்பி வெடித்துவிடும்.

முள் என்றதும் நெருஞ்சியை விட்டுவிட முடியாது. வன்னி ஒழுங்கைகளின் ஓரத்தில் மஞ்சள் பூவோடு படர்ந்திருக்கும், அதன் காய் எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேல்நோக்கியே நிற்கும். சைக்கிளுக்கு இதைவிடப் பெரிய எதிரி இல்லை. வாகனத்துக்கு வழிவிட ஓரம் ஒதுங்கி நின்ற பிறகு, ஒரு தடவை சில்லைச் சுற்றிப் பார்த்து ஒட்டியிருப்பதைத் தட்டிவிடுங்கள். முள் ரயருக்குள் இறங்கச் சில சுற்றுகள் எடுக்கும், அதற்கு முன் எடுத்தால் ரியூப் தப்பும். காற்றுப் போய்விட்டால் ஒட்டுப் போடும் முன்னர் ரயரின் உட்புறத்தைப் பழந்துணியால் தடவுங்கள், முள் துணியில் மாட்டும். வெறும் விரலால் தடவ வேண்டாம். ரியூபில் ஓட்டை வால்வில் இருந்து எவ்வளவு தூரமோ, ரயரிலும் முள் அவ்வளவு தூரத்தில்தான் இருக்கும். முள்ளை எடுக்காமல் ஒட்டுப் போட்டவர் அடுத்த சந்தியில் மறுபடி நிற்பார்.

வழியில் காற்றுப் போய்விட்டால் நிழல் தேடிப் பற்றைக்குள் இறங்குவதைத் தவிருங்கள். கண்ணிவெடி அகற்றும் வேலை முடியாத பகுதிகளில் சிவப்பு மண்டையோட்டுப் பலகைகள் எங்கே தொடங்குகின்றன என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வீதியிலேயே நின்று வேலையை முடியுங்கள்.

சின்ன விடயங்கள் சில. பிறேக் கட்டை றிம்மைப் பிடிக்காமல் ரயரின் பக்கத்தை உரசினால் இரண்டு மாதத்தில் புது ரயரை அறுத்துவிடும், ரயர் மாற்றிய அன்றே பிறேக்கைப் பிடித்துக் குனிந்து பாருங்கள். மட்காட்டுக்கும் ரயருக்கும் இடையில் ஒரு விரல் நுழையும் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் கிறவற்கல் அகப்பட்டுச் சில்லை இறுக்கிவிடும். மண்ணெண்ணெய், கிறீஸ், ஒயில் ஆகியவை ரப்பரைக் கெடுக்கும். சங்கிலிக்கு எண்ணெய் விடும்போது ரயரில் சிந்தினால் சவர்க்காரத் தண்ணீரால் கழுவுங்கள். வெயிலில் நிறுத்துவதைவிட வேம்பின் கீழே நிறுத்துவது ரயரின் ஆயுளைக் கூட்டும். கழற்றிய பழைய ரயரை வேலியோரம் எறியாதீர்கள். அதில் தேங்கும் மழைநீரில் டெங்கு நுளம்பு பெருகும். பழைய ரயரை முழுவதுமாகப் புது ரயருக்குள் வைத்து ஓடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதன் வெட்டு விளிம்பு ரியூபைத் தேய்த்துத் தேய்த்தே ஓட்டையாக்கும். ரயரில் ஒரு வெட்டு விழுந்த இடத்தில் மட்டும் ஒரு துண்டை உள்ளே வைத்து வீடு வந்து சேர்வது வேறு, அது அவசரத்துக்கு நல்ல உபாயம்.

சைக்கிள் பெண்களின் வாழ்க்கையில் என்ன செய்யும் என்பதற்கு எப்போதும் நான் சொல்லும் உதாரணம் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை. 1991இல் அங்கே தொடங்கிய அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் பழக்கியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு முன்னின்று ஊக்கம் கொடுத்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவுசெய்திருக்கிறார். அவர் எழுதியதில் என்னைக் கவர்ந்த ஒரு தகவல், பெண்கள் சைக்கிள் போதாமல் போனபோது பலர் ஆண்கள் சைக்கிளை வாங்கினார்கள், முன் பாரில் பிள்ளையை இருத்தலாம் என்பதும் அதற்கு ஒரு காரணம். அந்த உயரச் சைக்கிளின் பெரிய சில்லும் பாரம் தாங்கும் கட்டமைப்பும் கிராமத்து வீதிக்குப் பொருந்தியவை என்பதை நான் இதோடு சேர்த்துக்கொள்வேன். மூத்த மகனுடையது, இல்லாமல்போன கணவருடையது என்று உங்கள் வீட்டில் ஒரு பழைய ஆண்கள் சைக்கிள் சாத்தியபடி நின்றால், அதை விற்றுவிட்டு மினுக்கமான ஒன்றை வாங்கும் முன்னர் இதை நினைத்துப் பாருங்கள்.

சைக்கிளின் அருமை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவில் வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பக்கம் நகர்ந்தபோது பிள்ளையும் பெட்டியும் கிழவியும் ஏறியது சைக்கிளில்தான், பெரும்பாலும் உருட்டிக்கொண்டு. 2022இல் எரிபொருள் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது கண்டியிலும் கொழும்பிலும் காற்சட்டைக்காரர்கள் சைக்கிள் தேடினார்கள், சைக்கிளும் அதன் உதிரிப்பாகங்களும் விலை ஏறின. அந்த ஏற்றத்தில் அதிகம் அடிபட்டவர்கள் முன்பே சைக்கிளை நம்பி வாழ்ந்தவர்கள்.

மீள்குடியேற்றக் காலத்தில் சைக்கிள் கொடுத்த நிறுவனங்களைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. கொடுத்தது நல்லது. ஆனால் அதோடு ஒரு கைப் பம்மும் ஒட்டுப்பெட்டியும் கொடுக்க வேண்டும் என்று தோன்றியவர்கள் சிலர்தான். அந்த ஊர்க் கடையில் அந்த அளவு ரயர் கிடைக்குமா என்று விசாரித்தவர்கள் அதிலும் குறைவு. இனி யாராவது உங்கள் குழுவுக்குச் சைக்கிள் தர வந்தால், நன்றி சொல்வதற்கு முன்னர் ரயர் எண்ணைக் கேளுங்கள். பத்துப் பேர் உள்ள குழுவில் எல்லோருக்கும் ஒரே அளவு சில்லாக இருந்தால் ஒரு ரயரையும் இரண்டு ரியூப்களையும் பொதுவில் வாங்கி வைக்கலாம். யாருடையது போனாலும் அன்றைய வேலை நிற்காது, பிறகு அவர் வாங்கி வைத்துவிடுவார். ஒரு சங்கத்தில் இதைச் செய்கிறார்கள். பம்மும் ஒட்டுப்பெட்டியும் செயலாளரின் வீட்டுத் தாழ்வாரத்தில் தொங்குகின்றன.

கடைசியாக, சென்ற மாதம் இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். காற்றே இல்லாத, உள்ளே கெட்டியாக வார்த்த ரயர் வந்திருக்கிறதாமே, முள்ளுப் பயம் இல்லையாமே, வாங்கலாமா என்று. முள் குத்தாது என்பது உண்மை. ஆனால் கல் அமிழ்வதற்கு அங்கே காற்று இல்லை. உதை முழுவதும் சில்லுக் கம்பிகளுக்கும் உங்கள் முதுகுக்கும் போகும், பாரமும் கூட, மிதிக்கவும் கடினம். நகரத்தில் கடைத்தெருவுக்குப் போய்வருபவருக்குச் சரி. பால் கானோடு கிறவலில் போகும் உங்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

அடுத்த இதழில் பிறேக் கட்டைகள் பற்றி எழுத இருக்கிறேன், மழையில் நனைந்த இரும்பு றிம்மில் ஏன் பிறேக் பிடிப்பதில்லை என்பதையும் சேர்த்து. அதுவரை கழற்றும் பழைய கட்டைகளை எறியாமல் வைத்திருங்கள். அவை எந்தப் பக்கம் தேய்ந்திருக்கின்றன என்பதைப் பார்த்துத்தான் பேச வேண்டியிருக்கும்.